என்றாவது ஒருநாள் வாசிக்க விரும்பும் பியானோ படைப்புகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், “கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் நெடுநாளாக ஏங்கும் பியானோ படைப்பு எது? அதில் உங்களுக்குத் தடையாக இருப்பது எது?” என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: எனக்கு 46 வயது. வங்கியில் பணிபுரிகிறேன். பியானோவில் ஐந்தாம் கிரேடு தேறியிருக்கிறேன். ஷோப்பினின் ஜி மைனர் பல்லாடை (கதை சொல்வதுபோல் விரியும் பியானோ படைப்பு), குறிப்பாக அதன் நடுவே மென்மையாக எழும் அந்த இரண்டாவது மெட்டை, ஒருமுறையாவது என் கையால் வாசித்துவிட வேண்டும் என்பது ஆசை. இது நடக்கிற காரியமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நடக்கும். ஆனால் முதல் பாரில் (தாளக் கணக்கில் இசையைப் பிரிக்கும் சிறு அளவே பார்) தொடங்கி வரிசையாகக் கடைசி பார் வரை கற்றுச் செல்லும் வழக்கமான முறையை இந்தப் படைப்புக்குத் தயவுசெய்து கடைப்பிடிக்க வேண்டாம். முதல் மூன்று பக்கங்களை மாதக்கணக்கில் மெருகேற்றிவிட்டு, அடுத்து வரும் வேகமான பகுதியைக் கண்டு அப்படியே நிறுத்திவிட்ட மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

1836இல் அச்சான இந்தப் படைப்பு 264 பார்களைக் கொண்டது. வாசிக்க ஒன்பது, பத்து நிமிடங்கள் ஆகும். அதன் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு திறமைகளைக் கேட்கின்றன என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்து ஏழு பார்களில் இரு கைகளும் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இடைவெளியில் ஒரே மெட்டை மெதுவாகப் பேசுகின்றன. எட்டாவது பாரில் வால்ட்ஸ் சாயலுள்ள முதல் மெட்டு தொடங்குகிறது. ஐந்தாம் கிரேடு தேறிய விரல்கள் இதைச் சில வாரங்களில் பிடித்துவிடும். நீங்கள் ஏங்குகிற இரண்டாவது மெட்டு 68ஆவது பாரையொட்டி, ஈ ஃப்ளாட் மேஜரில், மிகத் தணிந்த ஒலியில் வருகிறது. அதே மெட்டு 106ஆவது பாரில் ஏ மேஜருக்கு மாறி, முழு பலத்தோடு கோர்டுகளாக (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்களாக) விரிகிறது. 208ஆவது பாரில் தொடங்கும் இறுதிப் பகுதியான கோடாதான் பலரையும் அச்சுறுத்துவது.

உங்கள் மனம் எந்த இடத்தில் தங்கியிருக்கிறதோ அங்கிருந்தே தொடங்குங்கள். இரண்டாவது மெட்டில் இடக்கை அடியில் ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு மேலே அகன்று விரிந்து செல்ல வேண்டும். அடி ஸ்வரத்தைப் பெடல் (ஒலியை நீட்டிக்கும் மிதி) ஏந்திக்கொண்டிருக்க, வலக்கையில் இயல்பாகவே வலுக்குறைந்த நான்காம், ஐந்தாம் விரல்கள் மெட்டைப் பாட வேண்டும். ஸ்வரங்களைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் அந்த மெட்டு மற்ற எல்லாவற்றுக்கும் மேலே தனியாகக் கேட்கும்படி வாசிப்பதற்கு மாதங்கள் ஆகும். ஆகவே, முதலில் வலக்கை மெட்டை மட்டும் வாசித்து வாயால் பாடுங்கள்; பிறகு இடக்கையையும் பெடலையும் மட்டும் வாசித்து, ஒவ்வொரு ஹார்மனி (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் அமைப்பு) மாறும்போதும் பழைய ஒலி கலங்காமல் விலகுகிறதா என்று கவனியுங்கள்; அதன் பிறகே இரண்டையும் சேருங்கள்.

இதே காலத்தில் கோடாவையும் தொட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே இடக்கை தாழ்ந்த பாஸ் ஸ்வரத்திலிருந்து கோர்டுக்குத் தாவித் தாவித் திரும்புகிறது; வலக்கையில் அழுத்தம் எதிர்பாராத இடங்களில் விழுகிறது. நாளொன்றுக்குப் பத்து நிமிடம், இரண்டே இரண்டு பார்கள், பாதி வேகத்துக்கும் குறைவான காலப்பிரமாணம் என்று வைத்துக்கொண்டால், மற்ற பகுதிகள் தயாராகும் நேரத்தில் கோடாவும் உங்களுக்கு அறிமுகமாகியிருக்கும். முன்கையிலோ மணிக்கட்டிலோ வலி தோன்றினால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுங்கள். இசையமைப்பாளர் ஷூமன் 1830களின் தொடக்கத்தில் வலக்கை விரலின் செயல்பாட்டை இழந்ததால்தான் பியானோ கலைஞராகும் எண்ணத்தையே கைவிட நேர்ந்தது. அந்த ஷூமன்தான், ஷோப்பின் எழுதியவற்றில் இந்தப் பல்லாடே தமக்கு மிகவும் பிடித்தது என்று அவரிடமே சொன்னவர். சற்று நேரம் மௌனமாக இருந்த ஷோப்பின், தமக்கும் அதுவே பிடித்தமானது என்றாராம்.

இடையே ஷோப்பினின் சிறிய படைப்புகள் சிலவற்றைக் கற்பது வீண்போகாது. 25 பார்களே கொண்ட ஈ மைனர் பிரலூட், இடக்கைக் கோர்டுகளை ஒவ்வொரு ஸ்வரமாக நிறம் மாற்றக் கற்றுத்தரும். ஈ ஃப்ளாட் மேஜர் நாக்டர்ன் (ஓப்பஸ் 9, எண் 2) பாஸிலிருந்து கோர்டுக்குத் தாவும் பழக்கத்தையும், அதன் மேல் மெட்டைப் பாடவிடும் பழக்கத்தையும் தரும்.

வேலைக்குப் போகிறவர்களால் முடியுமா என்ற ஐயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. லண்டனில் கார்டியன் நாளிதழின் ஆசிரியராக இருந்த ஆலன் ரஸ்பிரிட்ஜர், ஐம்பதைக் கடந்த வயதில், பத்திரிகைப் பணி மிகக் கடுமையாக இருந்த 2010, 2011ஆம் ஆண்டுகளில், காலையில் கிடைத்த இருபது நிமிடங்களை வைத்துக்கொண்டு இதே பல்லாடைக் கற்று, அழைக்கப்பட்டவர்கள் முன்னிலையில் வாசித்தார். ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று. உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆகலாம், ஆகட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் 61 கட்டைகள் உள்ள கீபோர்டு இருக்கிறது. பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டாவை அதில் கற்றுக்கொள்ள முடியுமா? முதல் பகுதி எளிது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: இரண்டாவது பாரிலேயே சிக்கல் வந்துவிடும். 61 கட்டைக் கீபோர்டுகள் பெரும்பாலும் சி ஸ்வரத்தில் தொடங்குகின்றன. இந்தச் சொனாட்டாவின் முதல் பாரில் இடக்கை வாசிக்கும் சி ஷார்ப் ஆக்டேவ் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அடுத்த பாரில் வரும் தாழ்ந்த பி அந்தக் கீபோர்டில் இல்லை. தொடர்ந்து வரும் ஏ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப் ஆகியவற்றின் கீழ் ஸ்வரங்களும் இல்லை. பீத்தோவன் இதை எழுதிய 1801இல் அவர் கையாண்ட பியானோக்களும் ஏறத்தாழ ஐந்து ஆக்டேவ் அளவே கொண்டவை என்றாலும், அவை இன்னும் தாழ்ந்த எஃப் ஸ்வரத்தில் தொடங்கின.

ஸ்வரம் குறைவதைவிடப் பெரிய இழப்பு தொடுகையில் இருக்கிறது. முதல் பகுதியில் வலக்கையின் சுண்டுவிரல் மெட்டை வாசிக்கும்போதே அதே கையின் மற்ற விரல்கள் மும்மூன்று ஸ்வரங்களாக ஓடும் ஓட்டத்தை மிகத் தணிவாக வாசிக்க வேண்டும். ஒரே கைக்குள் இரண்டு வகை எடை வேண்டும். கட்டைகளுக்குப் போதிய எடை இல்லாத கீபோர்டில் இந்த வேறுபாட்டை விரல் கற்றுக்கொள்ளவே வாய்ப்பில்லை. பகுதி முழுவதையும் மிக மென்மையாக, டாம்பர்களை (தந்திகளின் ஒலியை அடக்கும் பட்டைகளை) தூக்கிய நிலையில் வாசிக்க வேண்டும் என்று பீத்தோவன் குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் காலத்துப் பியானோவில் ஒலி விரைவில் தேய்ந்துவிடும் என்பதால் அது பொருந்திற்று. இன்றைய பியானோவில் ஹார்மனி மாறும் இடங்களில் பெடலைப் புதுப்பிக்காவிட்டால் எல்லாம் கலங்கிப்போகும். முதல் பகுதி எளிது என்பவர்கள் இவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்றே நினைக்கிறேன்.

எடையுள்ள 88 கட்டைகளோடு கூடிய டிஜிட்டல் பியானோ, ஒரு சஸ்டெயின் பெடல் ஆகிய இரண்டும் இருந்தால் போதும். அது வரும்வரை நோட்டேஷன் படிக்கும் பயிற்சியை அந்தக் கீபோர்டிலேயே தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி: என் கை மிகச் சிறியது, ஓர் ஆக்டேவை எட்டுவதே பாடு. ராக்மனினாஃபின் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோ (ஆர்க்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) என் நெடுநாள் கனவு. அதை விட்டுவிடுவதுதான் நல்லதா? பெரிய கலைஞர்களுக்கும் இப்படி எட்டாத படைப்புகள் இருந்திருக்கின்றனவா?
– பியானோ ஆசிரியை, சென்னை

பதில்: உங்கள் கேள்விக்கும் அந்தக் கான்செர்ட்டோவுக்கும் நேரடியான தொடர்பே இருக்கிறது. 1909இல் எழுதிய அந்தப் படைப்பை ராக்மனினாஃப் அர்ப்பணித்தது யோசஃப் ஹாஃப்மன் என்ற மாபெரும் கலைஞருக்கு. ஹாஃப்மன் அதை மேடையில் ஒருமுறைகூட வாசித்ததில்லை. அவருடைய கைகளும் சிறியவை. ஸ்டைன்வே நிறுவனம் கட்டைகளின் அகலத்தைச் சற்றுக் குறைத்து அவருக்கென்றே பியானோக்களைச் செய்து கொடுத்தது. மறுபுறம், ஐந்தடி உயரம்கூட இல்லாத, சிறிய கைகளை உடைய ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் அலிசியா தெ லரோச்சா, இதே கான்செர்ட்டோவை ஆர்க்கெஸ்ட்ராவுடன் வாசித்திருக்கிறார். கை அளவு முக்கியம்தான். அது ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவதில்லை.

எட்டாத கோர்டுகளை அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு ஸ்வரமாக உருட்டி வாசிப்பதில் எந்தக் குறையும் இல்லை. ராக்மனினாஃபின் இரண்டாவது கான்செர்ட்டோவின் புகழ்பெற்ற தொடக்கக் கோர்டுகளையே பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் மூன்றாவது கான்செர்ட்டோவின் பெரும்பகுதி அடர்ந்த கோர்டுகள் வேகமாகப் பின்னிச் செல்வது. ஆக்டேவையே சிரமப்பட்டு எட்டும் கைக்கு அதை முழுமையாகப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. கைக்குத் தீங்கு நேரலாம். அதன் முதல் மெட்டையோ நீங்கள் இன்றைக்கே வாசிக்கலாம். இரு கைகளும் ஆக்டேவ் இடைவெளியில் ஒற்றை ஸ்வரங்களாக நடக்கும் அந்த மெட்டு, பியானோ இலக்கியத்தின் மிக அழகான தொடக்கங்களில் ஒன்று. உங்கள் மாணவரோ நண்பரோ இரண்டாவது பியானோவில் ஆர்க்கெஸ்ட்ரா பகுதியை வாசித்தால், அது கான்செர்ட்டோவாகவே ஒலிக்கும்.

ராக்மனினாஃபின் உலகத்திலேயே உங்கள் கைக்கு ஏற்ற ஒன்று வேண்டுமென்றால், 1910இல் எழுதப்பட்ட ஜி மேஜர் பிரலூடைப் (ஓப்பஸ் 32, எண் 5) பாருங்கள். இடக்கை ஐந்தைந்து ஸ்வரங்களாக அகன்று ஓடினாலும், அவை ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் கை நகர்ந்துகொண்டே வாசிக்கலாம்.

பெரிய கலைஞர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டரின் மேடைப் பட்டியல் மலைக்கத்தக்க அளவு நீண்டது. அதில் பீத்தோவனின் நான்காவது, ஐந்தாவது கான்செர்ட்டோக்கள் இல்லை.

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸைத் தினமும் கேட்கிறேன். முழுவதும் கற்க ஆயுள் போதாது. எங்கே தொடங்கலாம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அடித்தளத்தில் தொடங்குங்கள். 1741இல் வெளியான இந்தப் படைப்பில் ஓர் ஏரியாவும் (தொடக்க இசை) முப்பது வேரியேஷன்களும் (அதன் மாற்று வடிவங்கள்) இருக்கின்றன. அந்த முப்பதும் ஏரியாவின் மேல் மெட்டை வளர்த்து எழுதப்பட்டவை அல்ல; அதன் 32 பார்களுக்கு அடியில் செல்லும் பாஸ் வரியும் ஹார்மனியுமே எல்லாவற்றையும் தாங்கி நிற்கின்றன. அந்தப் பாஸின் முக்கிய ஸ்வரங்களை மட்டும், பாருக்கு ஒன்றாக, இடக்கையால் வாசித்து மனப்பாடம் செய்யுங்கள். ஒரு வார வேலை அது. பிறகு இசைத்தட்டைக் கேட்கும்போது, எந்த வேரியேஷன் ஓடினாலும் அடியில் அந்தப் பாஸ் நடப்பது உங்கள் காதுக்குத் தெரியத் தொடங்கும். நீங்கள் கேட்கும் முறையே மாறிவிடும்.

அடுத்து ஏரியா. அதில் அலங்காரச் ஸ்வரங்கள் நிறைய. அவற்றை முதலில் விட்டுவிட்டு மெட்டை மட்டும் வாசித்து, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது நல்லது.

வேரியேஷன்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாக் இதை இரண்டு அடுக்குக் கட்டைகள் கொண்ட ஹார்ப்சிகார்டுக்கு (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) எழுதினார். இரண்டு அடுக்குகளுக்கென்று அவர் குறித்திருக்கும் வேரியேஷன்களில் கைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குறுக்கிடுகின்றன. ஒரே அடுக்குள்ள பியானோவில் விரல்கள் மோதிக்கொள்ளும். எனவே ஓர் அடுக்குக்கென்று எழுதப்பட்டவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 19ஆவது அமைதியானது, முதலில் அது, பிறகு 4ஆவது, 22ஆவது. 27ஆவது வரை ஒவ்வொரு மூன்றாவது வேரியேஷனும் ஒரு குரலை இன்னொரு குரல் அப்படியே பின்தொடரும் கேனன் வடிவம் கொண்டது. அவற்றில் ஒன்றை முயல விரும்பினால், இரு குரல்களையும் தனித்தனியே பாடிப் பழகிய பிறகு கட்டைக்குப் போங்கள்.

பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955இல் இதை ஏறத்தாழ 38 நிமிடங்களில் வாசித்துப் பதிவு செய்தார். 1981இல் மறுபடி பதிவு செய்தபோது 51 நிமிடங்கள் எடுத்துக்கொண்டார். மெதுவாகக் கற்பவருக்கு இரண்டாவது பதிவே உதவும். அதில் உள்குரல்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன. ஏரியாவும் மூன்று வேரியேஷன்களும் கைவசமானதும் எழுதுங்கள். ஜி மைனரில் அமைந்த 25ஆவது வேரியேஷனைப் பற்றி அப்போது விரிவாகப் பேசலாம்.