பழைய கார் வாங்கியாச்சு, இனி அது நீண்ட நாள் உழைக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இதுதான்: எட்டு வருடம் ஆன, 90,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் கார் ஒன்றைப் போன வாரம் வாங்கியிருக்கிறீர்கள். இப்போதைக்கு நன்றாக ஓடுகிறது. இன்னும் பத்து வருடமாவது ஓட வேண்டும், என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

பத்து வருடம் பேராசை இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுவது இன்றைய இன்ஜின்களுக்குச் சாதாரணம். நான் இதுவரை வைத்திருந்ததெல்லாம் செகண்ட் ஹேண்ட் கார்கள்தான். அதை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: பழைய கார் எத்தனை நாள் உழைக்கும் என்பது, வாங்கிய முதல் மாதத்தில் நீங்கள் செய்யும் வேலையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. விற்றவர் நல்லவராகவே இருக்கட்டும். "ஆயில் இப்பதான் மாத்தினேன்" என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். கையில் ரசீது இல்லையென்றால் அந்த வேலை நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒருமுறை புதிதாகச் செய்து, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிவிட்டால், அடுத்தது எப்போது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

முதல் வேலை, வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுப்பது. இல்லையென்றால் பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் தளத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். எந்த கிரேடு ஆயில், எத்தனை லிட்டர், எந்த கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) என்று எல்லாம் அதில் இருக்கும். மெக்கானிக் சொல்வதும் கையேடு சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் நான் கையேட்டின் பக்கம்தான் நிற்பேன்.

அடுத்து இன்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விடாமல் மாற்றிவிடுங்கள். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒருமுறை டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், சமதளத்தில் நிற்கும்போது உருவுங்கள். துணியால் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் தடவை தெரியும் அளவை நம்பக் கூடாது, குழாயின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஆயிலும் சேர்ந்து ஈஷியிருக்கும். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் போதும். மேல்குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். ஆயில் கறுத்திருந்தால் பதற வேண்டாம், அழுக்கைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்வதும் அதன் வேலைகளில் ஒன்று. பால் கலந்ததுபோல் வெளுத்துக் கொழகொழவென்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போயிருக்கும் என்று அர்த்தம். அப்படி இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெளுத்த பசை தெரிந்தால் அது பல நேரம் குளிரில் சின்னச் சின்ன தூரம் ஓட்டியதால் படிந்த ஈரமாக இருக்கும். ஒரு நீண்ட பயணத்துக்குப் பிறகு திரும்பப் பாருங்கள்.

சில பழைய இன்ஜின்கள் கொஞ்சம் ஆயில் குடிக்கும். அதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை, குறைந்ததை ஊற்றிக்கொண்டே பல வருடம் ஓட்டலாம். ஆனால் பார்க்காமலே விட்டு கீழ்க்குறிக்கும் கீழே இறங்கினால் பேரிங் தேயும், கடைசியில் இன்ஜின் சீஸ் ஆகி, சுற்றாமல் இறுகிவிடும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதில் நான் கொஞ்சம் கறார். கையேட்டில் 10,000 அல்லது 15,000 என்று போட்டிருக்கலாம். அதே கையேட்டில் கடினமான ஓட்டத்துக்கென்று தனியாக, குறைந்த கணக்கு ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். தினமும் சில கிலோமீட்டர் மட்டும் ஓட்டுவது, நெரிசலில் நின்று நின்று போவது, தூசி, கடும் வெயில் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். சின்ன தூரம்தானே போகிறேன், வண்டிக்கு என்ன தேய்மானம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆயில் முழுச் சூடு ஏறினால்தான் அதில் சேரும் தண்ணீரும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகும். சூடு ஏறுவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால் அவை அங்கேயே தங்கி ஆயிலைக் கெடுக்கும். அப்படித்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் கிலோமீட்டரைப் பார்க்காமல் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

கூலன்ட் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல இன்ஜின்கள் அநியாயமாகச் சாவது சூட்டினால்தான். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியாக இருந்தால் உள்ளே துரு பிடித்திருக்கும். கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலப்பதுதான் பொதுவான அளவு. அந்தக் கலவை கொதிக்க ஏறக்குறைய 106 டிகிரி செல்சியஸ் ஆக வேண்டும், ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். நிறம் ஒன்றுபோல இருக்கிறதே என்று வேறு வகையைக் கலக்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி கிடையாது, உள்ளே இருக்கும் ரசாயனம்தான் முக்கியம். என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால் முழுக்க வடித்து, கழுவி, கையேட்டில் உள்ளதை ஊற்றச் சொல்லுங்கள்.

கூலன்ட் ஓடும் ரப்பர் குழாய்களான ஹோஸ்களையும் பாருங்கள். நான் வாங்கிய ஒரு காரில் சூடு முள் நடுவிலேயே நின்றது, கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆனால் ரேடியேட்டரின் மேல் ஹோஸை இறுக்கும் கிளிப்பைச் சுற்றி, பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்ததுபோல் ஒரு படிவு. சூடான நேரத்தில் கசிந்த கூலன்ட் அங்கேயே காய்ந்து போயிருந்தது. வண்டி ஆறிய பிறகு ஹோஸை விரலால் அமுக்கினால் நுனியில் மட்டும் மெத்தென்று இருந்தது, மற்ற இடம் விறைப்பாக இருந்தது. ஹோஸையும் கிளிப்பையும் மாற்றியதோடு வேலை முடிந்தது. இதைப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை, ஒரு டார்ச் லைட் போதும்.

ஓடும்போது சூடு முள் மேலே ஏறினால் அடுத்த திருப்பம் வரை போய்விடலாம் என்று இழுக்காதீர்கள். ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுக்கத் திறந்து, பத்திரமான இடத்தில் ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, முகத்தில் பீய்ச்சி அடிக்கும். சூடேறிய நிலையில் ஓட்டிய சில நிமிடங்களிலேயே அலுமினிய ஹெட் வளைந்துவிடலாம்.

பிறகு டைமிங் பெல்ட், அதாவது இன்ஜினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் பட்டை. உங்கள் காரில் பெல்ட்டா செயினா என்பதை இந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள். செயின் என்றால் அதற்கு மாற்றும் கெடு பொதுவாக இல்லை, ஆயில் சுத்தமாக இருந்தால் நெடுநாள் வரும். பெல்ட் என்றால் கம்பெனியைப் பொறுத்து 60,000 முதல் 1,60,000 கிலோமீட்டருக்குள் எங்காவது கெடு இருக்கும். கூடவே வருடக் கணக்கும் இருக்கும், ஓடாமல் நின்றாலும் ரப்பர் கிழடு தட்டும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்த அந்த நொடியில், திறந்திருக்கும் வால்வுகள் மேலே வரும் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். முன்கூட்டியே சத்தம் எதுவும் வராமலும் இது நடக்கும். உங்கள் வண்டிக்கு எட்டு வருடம், 90,000 கிலோமீட்டர். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் நான் ஒரு நாள்கூட தள்ளிப்போட மாட்டேன். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடும் வண்டி என்றால் அதையும், பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பிரிக்கும் கூலிதான் பெரிது, அதை இரண்டு தடவை கொடுக்க வேண்டாம்.

பிரேக் ஆயிலைப் பலர் மறந்தேவிடுகிறார்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகையின் தரப்படி, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் அழுத்தும்போது உள்ளே கொதித்தால் ஆவி உண்டாகி, பெடல் தரை வரை போய்விடும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். பேட், டிஸ்க் தேய்மானத்தையும் அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். அந்த கியர்பாக்ஸுக்குரிய ஆயிலை மட்டுமே ஊற்ற வேண்டும், சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் இயங்கும்) வகைக்கு அதற்கென்றே தனி ஆயில் உண்டு. ஏற்கெனவே கியர் நழுவுகிறது, இடிக்கிறது என்றால் ஆயில் மாற்றி மட்டும் சரியாகிவிடும் என்று நம்பாமல் கியர்பாக்ஸ் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள்.

டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்க்காமல் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருடம் தாண்டியதை எவ்வளவு பட்டன் இருந்தாலும் ஓட்டக் கூடாது. டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குத்தான் காற்று அடிக்க வேண்டும், டயரின் மேல் எழுதியிருப்பது அது தாங்கும் அதிகபட்சம். முன்சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்து உள்பக்கம் எட்டிப் பார்த்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலின் ஜாயின்ட்டை மூடியிருக்கும், மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் தெரியும். அது கிழிந்து, ரிம்மின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருந்தால் உடனே பூட்டை மாற்றுங்கள். விட்டால் மண் புகுந்து ஜாயின்ட்டே போய், திருப்பும்போதெல்லாம் டக் டக்கென்று சத்தம் வரும். பேட்டரி, இரவு முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். ஏர் ஃபில்டரும் ஏசி ஃபில்டரும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

இன்ஜின் விளக்கு எரிந்தால், விட்டு விட்டு மின்னுகிறதா, நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். மின்னினால் இன்ஜின் மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கும், அதனால் ஓட்டத்தை நிறுத்துங்கள். நிலையாக எரிந்தால், சூடு முள்ளும் ஆயில் விளக்கும் சரியாக இருக்கும்வரை பொதுவாக மெக்கானிக் வரை ஓட்டலாம். காரின் கோளாறு எண்ணைப் படித்துக் காட்டும் ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொள்வது நல்ல முதலீடு. கோளாறு எண் தெரிந்து மெக்கானிக்கிடம் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

செலவு மொத்தமாக முடியாது என்றால் என் வரிசை இது: முதலில் பிரேக்கும் டயரும், அடுத்து டைமிங் பெல்ட், அப்புறம் ஆயில், கூலன்ட், ஹோஸ். ஷாக் அப்சார்பர், அலைன்மென்ட் எல்லாம் அதற்குப் பிறகு. இது முடியும்வரை சீட் கவர், ஸ்பீக்கர், அலங்காரம் எதற்கும் பணம் போடாதீர்கள். ஆயிலில் கலக்கச் சொல்லி விற்கும் அதிசய மருந்துகளும் வேண்டாம்.

ஓட்டும் விதத்தில் இரண்டு மூன்று மட்டும். ஸ்டார்ட் செய்து நெடுநேரம் நிறுத்தி வைக்கத் தேவையில்லை, அரை நிமிடத்தில் கிளம்பி, சூடு ஏறும்வரை மிதமாக ஓட்டுங்கள். கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். பெட்ரோலை அடிமட்டத்துக்கு இறக்கி ஓட்டாதீர்கள், டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

கடைசியாக, நிறையப் பேர் செய்யாத ஒன்று. உங்கள் காரின் 17 இலக்க சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, திரும்ப அழைப்பு (குறைபாட்டைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைக் கூப்பிடுவது) ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். டக்காட்டா என்ற ஜப்பானிய கம்பெனியின் பழுதான ஏர்பேக் விவகாரத்தில் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கை மாறிய கார்களில் இப்படிப்பட்ட கடிதம் பழைய முகவரிக்கே போய் நின்றுவிடும். பாதுகாப்புக் குறைபாட்டுக்கான இந்த வேலையை வழக்கமாகக் காசு வாங்காமல் செய்து கொடுப்பார்கள், நீங்கள் எத்தனையாவது உரிமையாளர் என்று பார்ப்பதில்லை.