வருஷம் முழுக்கத் தும்மல், மாதம் ஒரு சளி: கேள்வி பதில்

மூக்கு, சளி, தும்மல் பற்றி வந்த கேள்விகளுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவராக என் பதில்கள்.

கேள்வி: டாக்டர், எனக்கு வருஷம் பூரா சளி. காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கில் தண்ணீராகக் கொட்டும். எட்டு மணிக்கு மேல் சரியாகிவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா?

பதில்: இல்லை. வைரஸால் வரும் சளி 7 முதல் 10 நாளில் அடங்கிவிடும், வருஷக்கணக்கில் நீடிக்காது. காய்ச்சல் இல்லாமல் மூக்கும் கண்ணும் அரித்து, அடுக்குத் தும்மல் வந்தால் பெரும்பாலும் அலர்ஜிதான். காலையில்தான் தொல்லை என்பதால் முதலில் உங்கள் படுக்கையைச் சந்தேகிப்பேன். நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும். உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பல வருஷமான இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றிவிடுங்கள். அறையைத் தூசி பறக்கப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே எழுதித் தந்தார்கள். ஸ்டீராய்டு என்கிறார்கள், பயமாக இருக்கிறது. இரண்டு நாள் அடித்தும் ஒன்றும் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன்.

பதில்: திரும்ப ஆரம்பியுங்கள். புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்கள் மைக்ரோகிராம் அளவில் மூக்குச் சவ்வில் வேலை செய்பவை. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. தினமும் அடித்தால்தான் பலன், அது முழுதாகத் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம்.

இன்னொன்று, அடிக்கும் விதம். ‘ஸ்ப்ரே கேட்கவே இல்லை’ என்று வருபவர்களை என் முன்னாலேயே ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்வேன். பலரும் தலையை அண்ணாந்து, மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடித்து, சர்ரென்று உறிஞ்சுவார்கள். மருந்து தொண்டைக்குள் இறங்கிவிடும், நடுச்சுவர் புண்ணாகி ரத்தம் கசியும். முதலில் மூக்கைச் சிந்துங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடியுங்கள். முனை அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்கட்டும். மெல்ல மூச்சிழுத்தால் போதும்.

கேள்வி: மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்து இல்லாமல் தூக்கமே வருவதில்லை. ஆறு மாதமாகப் போடுகிறேன்.

பதில்: நீங்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டுகள் ரத்தக்குழாயைச் சுருக்கி உடனே மூக்கைத் திறந்துவிடும். ஐந்து நாளைத் தாண்டினால், மருந்தின் வேகம் குறைந்ததும் சவ்வு முன்னைவிட வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். இப்போது உங்கள் மூக்கை அடைப்பதே அந்த மருந்தாக இருக்கலாம். நேரில் காட்டுங்கள். ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தொடங்கி, முதலில் ஒரு பக்க மூக்குக்கு மட்டும் சொட்டை நிறுத்தி, பிறகு மறுபக்கமும் நிறுத்தலாம்.

கேள்வி: நான்காம் நாள் சளி மஞ்சளாகிவிட்டது. ஆன்டிபயாடிக் வேண்டாமா?

பதில்: வேண்டாம். சாதாரண வைரஸ் சளியும் மஞ்சளாகும், பச்சையாகும். பத்து நாளாகியும் துளி முன்னேற்றம் இல்லை, சரியாகி வந்தது திடீரென்று மோசமானது, அல்லது முகவலியோடு 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் மூன்று நான்கு நாள் நிற்கிறது என்றால்தான் பாக்டீரியா சைனஸ் தொற்றை யோசிப்போம்.

கேள்வி: என் குழந்தைக்கு எட்டு மாதம். சளிக்குக் கற்பூரம் கலந்த எண்ணெய் தடவி, சாம்பிராணி போடுகிறார்கள் மாமியார். சிரப்பும் கொடுக்கலாமா?

பதில்: மூன்றுமே வேண்டாம் அம்மா. கற்பூரம் உடலுக்குள் சேர்ந்தால் கைக்குழந்தைக்கு வலிப்பே வரலாம். சாம்பிராணிப் புகை அந்தச் சின்ன மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். மாமியார் அன்பில்தான் செய்கிறார், பக்குவமாகச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. நல்ல சிரப்பே ஆனாலும் இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்துகள் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. தேனும் ஒரு வயது வரை வேண்டாம். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுப் பாலூட்டுங்கள். நிமிஷத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், மூச்சிழுக்கையில் நெஞ்சுக்கூடு உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவலாமா?

பதில்: தாராளமாக. ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள், மூளையைத் தாக்கும் நெக்லேரியா அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் மட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, பிபி உண்டு. கடையில் கேட்டு சளி மாத்திரை போடுகிறார்.

பதில்: அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் இருந்தால் ரத்த அழுத்தம் ஏறலாம். குளோர்பெனிரமின் இருந்தால் தூக்கக் கலக்கத்தில் விழலாம், சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு உப்புநீர், தொண்டைக்குச் சுக்குக் கஷாயம் போதும். மூச்சுத் திணறினால் மட்டும் காத்திருக்காமல் அழைத்து வாருங்கள்.