பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: கேள்வி பதில்

உணவுப் பாக்கெட்டுகளின் பின்புறம் அச்சாகும் ஊட்டச்சத்து விவரங்கள் பற்றிச் சென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு உணவியல் நிபுணர் ஒருவர் பதிலளிக்கிறார்.

மயிலாப்பூர் வாசகி: ராகி பிஸ்கட் வாங்குகிறேன். பின்னால் அவ்வளவு எண்கள்! எதை முதலில் பார்ப்பது, மேடம்?

எண்களைப் பிறகு பார்க்கலாம். முதலில் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலிலும் குறைந்தது கடைசியிலும் வர வேண்டும் என்பது விதி. முதல் பெயர் மைதா என்றால் அது மைதா பிஸ்கட்தான், முன்பக்கம் எத்தனை கதிர்களை வரைந்திருந்தாலும் சரி. ராகியைப் பெயரிலோ படத்திலோ எடுத்துக்காட்டினால், அது எத்தனை சதவீதம் என்றும் அச்சிட்டாக வேண்டும். அந்தப் பொடி எழுத்தைத் தேடுங்கள்.

அடுத்தது சர்க்கரை. லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப் என்று அது பல பெயர்களில் வரும். மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தேனும் வெல்லமும் இதே கணக்கில் சேர்ந்தவையே.

இன்னொரு குறையும் உண்டு. ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டால் போதும் என்கிறது விதி. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டி என்ன செய்வார்? பேத்தியைத்தான் கூப்பிட வேண்டும்.

தாம்பரம் வாசகர்: சிப்ஸ் பாக்கெட்டில் ஒரு பரிமாறலுக்கு 110 கலோரி என்றிருக்கிறது. குறைவுதானே?

ஒரு பரிமாறல் எத்தனை கிராம்? 20 கிராம் என்று போட்டிருக்கும். 60 கிராம் பாக்கெட்டைப் பிரித்தவர் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வாரா? இரண்டு பொருள்களை ஒப்பிட 100 கிராமுக்கான அளவை மட்டும் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் சதவீதம், ஒரு நாள் தேவையில் அது எத்தனை பங்கு என்பதைச் சொல்வது; நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கானது. யு.கே.ஜி. படிக்கும் பிள்ளைக்கு அது பொருந்தாது.

பெரம்பூர் வாசகர்: எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. உப்பு எவ்வளவு என்று அட்டவணையில் காணவில்லையே?

சோடியம் என்ற பெயரில், மில்லிகிராமில் இருக்கும். 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். நாள் முழுவதற்கும் உச்சவரம்பு 2000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. நூடுல்ஸில் 100 கிராமுக்கு 1200 மில்லிகிராம் என்றிருந்தால் 3 கிராம் உப்பு ஆயிற்று. மீதி 2 கிராமில் சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாம் அடங்க வேண்டும்! இனிப்பு பிஸ்கட்டிலும் சோடியம் உண்டு. அதில் சேர்க்கும் சோடா உப்பும் சோடியம்தான். தெருமுனைக் கடையில் நிறுத்துத் தரும் மிக்சருக்கு அட்டவணையே கிடையாது. அதைத் தவிர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வேளச்சேரி வாசகி: 'கொலஸ்ட்ரால் இல்லாத' கடலை எண்ணெயைத் தாராளமாக ஊற்றலாமா?

கடலையில் கொலஸ்ட்ரால் எப்போது இருந்தது, இப்போது நீக்குவதற்கு? எந்த எண்ணெயானாலும் 100 கிராமுக்குச் சுமார் 900 கலோரி. அளந்தே ஊற்றுங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: பாலில் நீல பாக்கெட்டா, ஆரஞ்சு பாக்கெட்டா?

நிறத்தை விட்டு எழுத்தைப் படியுங்கள். சமன்படுத்திய பால் என்றால் கொழுப்பு 3 சதவீதம், நிறைகொழுப்புப் பால் என்றால் 6. அரை லிட்டருக்குச் சுமார் 15 கிராம் கொழுப்பு வித்தியாசம். புரதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. எடை கூடாமல் திணறும் குழந்தைக்கு நிறைகொழுப்பு நல்லது. காபிக்கு மட்டும் என்றால் சமன்படுத்திய பால் போதும். டிகாக்‌ஷனைக் கெட்டியாக இறக்கிக்கொள்ளுங்கள்.