வீட்டுப் பேச்சிலும் குறிப்புத் தேடுபவருக்கு

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு வயது 62. நாளிதழின் ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிரில் தொடங்கிய பழக்கம், இப்போது தமிழ்ப் புதிர்களையும் சேர்த்துக்கொண்டு காலைப்பொழுது முழுவதையும் விழுங்குகிறது. ஒரு குறிப்புக்கு விடை கிடைக்காவிட்டால் இரவில் உறக்கம் வருவதில்லை. மனைவி ஏதேனும் சொன்னால், அதைக் கேளாமல் அச்சொற்களின் எழுத்துகளைக் கலைத்துக் கோக்கத் தொடங்கிவிடுகிறது மனம். அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டார். இது நோயா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: ஐயா, இந்தப் பித்து உங்களை மட்டும் பிடித்ததன்று. 1924இல் 'அடிமைப்பட்ட அமெரிக்கா' என்று தலைப்பிட்டுக் குறுக்கெழுத்து மோகத்தை எள்ளிய லண்டன் டைம்ஸ் நாளிதழ், 1930 பிப்ரவரி 1 அன்று தானும் ஒரு புதிரை அச்சிட வேண்டியதாயிற்று. நம்மவர்களோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, சில வினாக்களின் விடைகள் சேர்ந்து ஒரு சொல்லாகும் வினாவுத்தரத்தையும், ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்துவைக்கும் கரந்துறைச் செய்யுளையும் சித்திரகவி எனும் சொல்விளையாட்டுப் பாடல் வகைகளாகத் தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூலில் சேர்த்து, இலக்கணமே வகுத்துவிட்டார்கள்.

ஆகவே நீங்கள் செலவிடும் நேரத்தை நான் பெரிதாக எண்ணவில்லை. கடிதத்தில் கவலை தருவது, மனைவியின் சொற்களைப் பற்றி எழுதியிருப்பதுதான். "கழுத்தில் விழும் அந்தி" (2 எழுத்து) என்றொரு குறிப்பைத் தந்தால், அந்தக் காட்சியில் நீங்கள் ஒரு கணமும் நிற்கமாட்டீர்கள். கழுத்தில் விழுவதும் மாலை, அந்தியும் மாலை என்று தொடரை நடுவில் வெட்டி விடையை எடுத்துவிடுவீர்கள். மேற்பொருள் ஏமாற்றுவதற்கென்றே வைக்கப்பட்டது, அதை நம்பலாகாது என்பதே இந்த ஆட்டத்தின் முதல் பாடம். அதில் ஆண்டுக்கணக்காகப் பழகிய காது, "இன்றைக்கு மூட்டுவலி அதிகம்" என்று ஒருவர் சொல்லும்போதும் மேற்பொருளைத் தாண்டிப் போய்விடுகிறது. அவர் சொல்ல வந்ததோ அந்த மேற்பொருளை மட்டுமே. (மனைவியர் சொல்லும் "ஒன்றுமில்லை" விதிவிலக்கு, அதற்கு உட்பொருள் உண்டு, எத்தனை எழுத்து என்றுதான் சொல்லமாட்டார்கள்.)

பிடிபடாத குறிப்பை, அதுவரை முயன்ற வழிகளோடு, மாலையிலேயே ஒரு தாளில் எழுதி மூடிவையுங்கள். படுக்கைக்குக் கைபேசி வேண்டாம். இரவெல்லாம் மறுத்த விடை காலையில் பல் துலக்கும்போது வந்து நிற்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். வாரத்தில் இரண்டு நாள்களாவது, புதிரை அவிழ்க்காமல் நீங்களே ஒரு குறிப்பை இயற்றிப் பாருங்கள். அவிழ்ப்பவர் தள்ளிவிட்டுப் போகும் மேற்பொருளை, இயற்றுபவர் இயல்பான பேச்சுப்போல ஒலிக்கும்வரை செதுக்கியாக வேண்டும். அப்படி ஒலிக்கிறதா என்று கேட்டுச் சொல்ல உங்கள் மனைவியைவிடப் பொருத்தமானவர் இல்லை.

நோயா என்று கேட்டிருந்தீர்கள். சில வாரங்கள் மெய்யாகவே முயன்றும் குறைக்க முடியாமல், உணவும் மருந்தும் உறக்கமும் தவறிக்கொண்டே போனால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன், நாளைக் காலைக் காப்பியின்போது நாளிதழைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, எங்களுக்கு எழுதிய இதே கடிதத்தை உங்கள் மனைவியிடம் படிக்கக் கொடுங்கள்.