அந்த இரண்டு ஏக்கரை விற்க வேண்டாம்

சனிக்கிழமை நீங்கள் மூவரும் கிளம்பிப் போன பிறகும், மேசையில் விரித்து வைத்த நிலப் பத்திரம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. கவலைப்படாதீர்கள் என்று அன்று சொல்லி அனுப்பினேன். அது போதாது. நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். வாங்குவதற்காக நிலத்தை விற்காதீர்கள். "நம்ம குடும்பத்துல ஒரு டாக்டர் வேண்டாமா?" என்று கேட்கும் பெரியப்பா ஒரு தவணைகூடக் கட்டப்போவதில்லை. நாலரை வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும் முடிந்தபின், மேற்படிப்புக்கு இன்னொரு நீட் வேறு இருக்கிறது.

உங்கள் மகள் அன்று பேசியதே கொஞ்சம்தான். அப்பத்தாவுக்குப் பெட் ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி உடம்புக்குள் படம் எடுப்பது) எடுத்தபோது ஊசி மருந்து ஈயப் பெட்டிக்குள் வந்ததாம். ஏன் என்று டெக்னீஷியனைத் துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள். அந்த மருந்தைத் தயாரித்து, அளந்து, படம் எடுக்கிற படிப்பு ஒன்று இருக்கிறது: பி.எஸ்சி. அணு மருத்துவத் தொழில்நுட்பம். வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் உண்டு. நர்சிங், பிசியோதெரபி பற்றியெல்லாம் ஊரே சொல்லும், நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் துறை இப்போது எங்கே நிற்கிறது தெரியுமா? கட்டி என்றால் முழுக்கப் புற்றுநோய் செல் இல்லை. காயத்தை ஆற்றுகிற நார்த்திசு செல்களை வசப்படுத்தி, தனக்குக் காவலாக வைத்துக்கொள்கிறது. அப்படி வசப்பட்ட செல்களின் மேல் எஃப்.ஏ.பி. என்றொரு புரதம் முளைக்கிறது. நலமான உடம்பில் அது மிகக் குறைவு. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில், அந்தப் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும் மூலக்கூறை உருவாக்கி 2018இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே 80 நோயாளிகளிடம் 28 வகைப் புற்றுநோய்களில் படம் எடுத்துக் காட்டினார்கள். பெட் ஸ்கேனுக்கு வழக்கமாக ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரையை மூளையும் இழுத்துக்கொள்ளும், பட்டினி கிடக்க வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த மூலக்கூறோடு காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்தால் படம், லுட்டீசியம்-177 என்ற இன்னொன்றைச் சேர்த்தால் சிகிச்சை. டெல்லி எய்ம்ஸிலும் இந்தச் சிகிச்சையை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆறுகிற காயமும் வீங்கிய மூட்டும்கூடப் படத்தில் ஒளிரும், சிகிச்சையும் இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்த கைகள் தேவை.

இந்தக் காலியத்தின் கதிரியக்கம் 68 நிமிடத்தில் பாதியாகிவிடும். காலையில் ஜெனரேட்டர் என்கிற, காலியத்தைத் தரும் கருவியிலிருந்து பால் கறப்பதுபோல் கறந்து, மருந்தோடு சேர்த்து, சுத்தமாக இருக்கிறதா என்று சோதித்து, நோயாளி படுக்கும் நேரத்தைக் கணக்கிட்டு ஊசியில் ஏற்ற வேண்டும். இயற்பியலும் வேதியியலும் பிடித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கதிர்வீச்சு, கல்யாணம் என்று அத்தை இழுத்தாரே, அதற்கும் பதில் இருக்கிறது. சட்டையில் மாட்டும் பேட்ஜ், உடம்பில் பட்ட அளவைப் பதிவு செய்யும். எந்த ஒரு வருடத்திலும் அது 30 மில்லிசீவர்ட்டை (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது, ஐந்து வருடச் சராசரி 20க்குள் இருக்க வேண்டும். இது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சொந்தமாக அணு மருத்துவப் பிரிவே இல்லாத கல்லூரி இந்தப் படிப்பை வைத்திருந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அங்கே படித்தவர்களை அந்த வாரியம் ஏற்றுக்கொள்கிறதா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள்.

புரோக்கரிடம் கொடுத்த முன்பணத்தை நாளைக்கே திருப்பிக் கேளுங்கள். அப்புறம் மகளை மட்டும் ஒருநாள் அனுப்புங்கள். விண்ணப்பத்தை அவளே உட்கார்ந்து நிரப்பட்டும்.