வாசகர் கேள்வி பதில்: பிளாக் சப்பாத்தும் இறக்கிக் கட்டிய கம்பியும்

ஹெவி மெட்டல் இசையே ஒரு தொழிற்சாலை விபத்தில் பிறந்தது என்கிறார்களே, நிஜமா?
– கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

பாதி நிஜம். ஹெவி மெட்டலைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் பிரிட்டிஷ் குழு பிளாக் சப்பாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளன்று, மெஷினில் சிக்கி வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைக்காரர். கிட்டார் கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் கம்பியை அழுத்துகிற கையே அந்த வலது கைதான்.

பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டினார். சூடான சால்டரிங் அயர்னால் விரல் நுழையுமளவு துளை போட்டு, தேய்த்து, தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியதால் மேலே தோல் துண்டை ஒட்டினார். தொப்பிக்குள் இருக்கும் விரலுக்குக் கம்பி தெரியாது, அழுத்தம் கூடிவிடும். தடித்த கம்பி வலிக்கும். மெல்லிய செட் அப்போது கடையில் சுலபமாகக் கிடைக்காததால் பாஞ்சோ கம்பிகளைக் கட்டிப் பார்த்தார். 1971-ல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் கம்பி தளர்ந்து அழுத்த எளிதாகும்படி பல பாடல்களுக்குச் சுருதியை மூன்று அரைஸ்வரம் இறக்கினார்.

ஏன் பாதி என்றேன்? 1970-ல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களும் சாதாரண ட்யூனிங்கில் வாசித்தவை. கனம் அப்போதே வந்துவிட்டது. அதில் கீஸர் பட்லரின் பேஸுக்கும், ஜாஸ் கேட்டு வளர்ந்த பில் வார்டின் டிரம்ஸுக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. விரல் கதை சுவாரசியமானது என்பதால் இவர்கள் இருவரையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

திருவிழா மேடைகளில் வாசிக்கிறேன். 9-42 கம்பி போட்ட கிட்டாரை அயோமி மாதிரி சி ஷார்ப்புக்கு இறக்கினால் கம்பி தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடிக்கிறது. கிட்டாரில் கோளாறா?
– வாசகர், மேலூர்

கோளாறு இல்லை, கணக்குதான். (9-42 என்பது மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்.) மிகத் தடித்த ஆறாவது கம்பி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 69.3-க்கு இறங்குகிறது. அதே கம்பியின் இழுவிசை சுருதியின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் 30 சதவீதம் வரை போய்விடும். பழைய விறைப்பு வேண்டுமானால் கம்பியின் தடிமன் 1.19 மடங்கு ஆக வேண்டும். அதாவது 9-42-க்குப் பதில் 11-50 அளவு. 10-46 போடுகிறவர்களுக்கு 12-54. கடையில் அச்சு அசலாக அந்த எண் இல்லாவிட்டால் பக்கத்து செட் போதும்.

தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிக்கு இப்படிச் சுருதி கூட்டுங்கள்: சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, ஈ, ஜி ஷார்ப், சி ஷார்ப். கீயைத் திருகும்போது ‘டிங்’ என்று சத்தம் வந்து சுருதி தாவினால், தடித்த கம்பி நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டின்) பள்ளத்தில் சிக்குகிறது என்று அர்த்தம். பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவிப் பாருங்கள். சரியாகாவிட்டால் நட் ஃபைல் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். சாதாரண அரத்தை வைக்காதீர்கள், பள்ளம் ஆழமாகிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

மெல்லிய கம்பியே போதும் என்றால் இழுவிசை குறைந்து கழுத்து பின்னால் சாயும். முதல் நாலைந்து ஃப்ரெட்டில் கரகரப்பு வருவது அதனால்தான். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை ஆலன் கீயால் இடப்புறமாகக் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். ஒரே மூச்சில் முழுச் சுற்று திருகவே கூடாது.

கடைசியாக 12-ஆவது ஃப்ரெட். அங்கே ஹார்மோனிக்ஸும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறி நின்றால், பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள். ஸ்பிரிங்கில் மிதக்கும் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் சுருதி இறக்கும் வேலையே வேண்டாம்: ஒரு கம்பி இறங்கினால் மற்ற ஐந்தும் ஏறும், கச்சேரிக்கு முன்னால் பொழுது அதிலேயே போய்விடும்.

‘பிசாசு ஸ்வரம்’ என்று இவர்கள் பாட்டில் ஒன்று உண்டாமே? நம் சங்கீதத்தில் அது எது?
– வீணை பயிலும் வாசகி, செல்லூர்

பிரதி மத்யமம், அதாவது ஷட்ஜத்துக்கு ஆறு அரைஸ்வரம் மேலே நிற்கும் ‘ம’! குழுவின் பெயரையே கொண்ட பாடலின் தொடக்கத்தில் மூன்றே ஸ்வரம்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்யமம். ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் எழுதிய ‘மார்ஸ்’ என்ற ஆர்க்கெஸ்ட்ரா இசையை பட்லர் பேஸில் வாசித்துக்கொண்டிருந்ததுதான் அதற்குத் தூண்டுதல். கல்யாணி ராகத்தில் இதே ஸ்வரம் ஏன் பயமுறுத்தவில்லை? அங்கே காந்தாரம் தாங்கிப் பிடிக்கிறது, பஞ்சமம் போய்ச் சேர இடம் தருகிறது. இங்கே பஞ்சமத்தைக் கண்ணிலேயே காட்டாமல், மத்யமத்தில் நின்று நடுங்கவிடுகிறார் அயோமி. இந்த ஸ்வரத்தைத் தேவாலயம் தடை செய்தது என்று பரவும் கதைக்கு ஆதாரமில்லை.

டிஸ்டார்ஷன் பெடலில் கெயினை முழுக்க வைத்தும் அந்தக் கனம் வரவில்லை, வண்டு ரீங்காரம்தான் வருகிறது.
– வாசகர், வாடிப்பட்டி

முழுக்க வைத்ததால்தான் வரவில்லை. அயோமி ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபையருக்கு) முன்னால் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டரை வைத்தார். அது அடிநாதத்தைக் குறைத்து, மேல்பகுதியைத் தள்ளி லேனி ஆம்பை உறுமவைத்தது. அடிநாதம் அப்படியே டிஸ்டார்ஷனுக்குள் போனால் சேறாகிவிடும். கெயின் 5, பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 6 என்று தொடங்கிக் காதுக்கேற்ப மாற்றுங்கள். பல ஸ்வரம் சேர்ந்த முழு கார்டு (chord) வேண்டாம். ஷட்ஜமும் பஞ்சமமும் போதும், காந்தாரம் சேர்ந்தால் டிஸ்டார்ஷனில் குழம்பும்.

மைக்கைத் தொடும்போது சுரீரென்றால் வாசிப்பை நிறுத்துங்கள். பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கிட்டாரை எடுக்க வேண்டும்.

மகன் அறையில் இவர்கள் போஸ்டர். சாத்தானை வழிபடும் கூட்டம் என்கிறார்களே?
– ஒரு தாய், திருநகர்

பயப்படாதீர்கள் அம்மா. பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதிய பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். ‘வார் பிக்ஸ்’ போரை நடத்துகிற பெரியமனிதர்களைச் சாடும் பாட்டு; ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ கடவுளை மறுப்பவர்களைக் கேள்வி கேட்பது. அவர்கள் கழுத்தில் தொங்கிய சிலுவைகளைச் செய்து கொடுத்தவர், குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் அப்பா; பட்டறை வேலை தெரிந்தவர். முதல் ஆல்பத்தின் உட்பக்கத்தில் வந்த தலைகீழ்ச் சிலுவை ரெக்கார்டு கம்பெனியின் கைவரிசை. குடியும் போதையும் இருந்தது உண்மை. 1979-ல் ஆஸியை வெளியேற்றியதும் அதனால்தான். மகனிடம் பேச வேண்டியது அதைப் பற்றி.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?
– வாசகர், உசிலம்பட்டி

முதலில் இரண்டாவது ஆல்பமான ‘பாரனாய்ட்’, பிறகு ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’. ஆஸிக்குப் பின் வந்த ரானி ஜேம்ஸ் டியோ பாடிய ‘ஹெவன் அண்ட் ஹெல்’ (1980) மூன்றாவதாக இருக்கட்டும், அது கிட்டத்தட்ட வேறு குழு. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். 69 ஹெர்ட்ஸை அந்தச் சின்ன ஸ்பீக்கர் தராது, பட்லரின் பேஸ் பாதி காணாமல் போகும். சாதாரண இயர்போன் போதும்.