கதவு திறந்திருக்கிறது, யாரையாவது கூப்பிட்டீர்களா?

கேள்வி: நாங்கள் ஏழு பேர் சேர்ந்து தமிழுக்கான ஒரு கட்டற்ற மென்பொருளை (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம்) நான்கு வருடமாக உருவாக்கி வருகிறோம். ‘யார் வேண்டுமானாலும் சேரலாம்’ என்று முகப்பிலேயே எழுதியிருக்கிறோம். ஆனாலும் ஏழு பேரும் ஆண்கள், ஐந்து பேர் ஒரே கல்லூரி. போன மாதம் ஒரு மாணவி பிழைத்திருத்தம் ஒன்றை அனுப்பினார். எங்கள் குழுவின் மூத்தவர், ‘முதலில் டாகுமென்டேஷனைப் படி, அப்புறம் வா. இது டியூஷன் சென்டர் இல்லை’ என்று எல்லோரும் பார்க்கும்படி பதில் எழுதிவிட்டார். அந்தப் பெண் தன் புல் ரிக்வெஸ்ட்டை (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி அனுப்பும் கோரிக்கையை) மூடிவிட்டுப் போய்விட்டார். மூத்தவரைக் கேட்டால், ‘கோட் நன்றாக இருந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்?’ என்கிறார். எங்கள் கோடில் பாதி அவர் எழுதியது. கண்டித்தால் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அன்புள்ள தம்பி,

மூத்தவர் போய்விடுவாரோ என்று பயப்படுகிறீர்கள். அந்த மாணவி ஏற்கெனவே போய்விட்டார். அவரைப் போல எத்தனை பேர் அந்தப் பதிலைப் படித்துவிட்டு, எதுவும் அனுப்பாமலே திரும்பியிருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

பதினைந்து வருடம் முன்பு நானும் ஒரு மென்பொருளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு அனுப்பினேன். குழந்தை தூங்கிய பிறகு மூன்று வாரம் உட்கார்ந்து செய்த வேலை. யாரும் திட்டவில்லை, பதிலே வரவில்லை. தினமும் மெயிலைத் திறந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் அப்புறம் நான் போகவே இல்லை. அதனால் இந்த விஷயத்தில் நான் அந்த மாணவியின் பக்கம்தான்.

முதலில் மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. நான்கு வருடமாகச் சம்பளம் இல்லாமல் உழைக்கிறவர், ஒரே மாதிரி தவறை ஐம்பதாவது முறை பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். புதியவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை அவரிடமிருந்து எடுத்து, குழுவில் பொறுமைசாலி யாரோ அவரிடம் கொடுங்கள். ஆனால் அந்தப் பதிலுக்கு அவர் அதே இடத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டு, தனியாக மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகாது.

சரி, அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டால்? லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில், அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸைவிட முக்கியமான ஆள் கிடையாது. அவர் மின்னஞ்சல்களின் சுடுசொல் வருடக்கணக்காக ஊரறிந்தது. ‘அவர் அப்படித்தான்’ என்று பொறுத்துக்கொண்டவர்கள் உண்டு, மனம் வெறுத்து விலகியவர்களும் உண்டு. 2018 செப்டம்பரில் அவரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மற்றவர்களின் மனதைப் புரிந்துகொள்ள உதவி தேடப் போவதாகச் சொல்லிவிட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். கெர்னலின் 4.19 பதிப்பை அங்கே இன்னொரு மூத்தவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் முடித்து வெளியிட்டார். லினஸ் திரும்பி வந்தார், இன்றும் கெர்னலைப் பார்த்துக்கொள்கிறார். லினக்ஸே தாங்கியது, உங்கள் மென்பொருளும் தாங்கும். அதோடு, பாதி கோட் ஒரே ஆளின் தலைக்குள் இருப்பது அவர் குணம் எப்படியிருந்தாலும் ஆபத்துதான்.

‘கோட் நன்றாக இருந்தால் போதும்’ என்ற வாதத்தை நானும் ஒரு காலத்தில் நம்பினேன். 2017இல் வெளியான ஒரு ஆய்வு, கோடைப் பகிர்ந்து சேர்ந்து வேலை செய்யும் தளமான கிட்ஹப்பின் லட்சக்கணக்கான புல் ரிக்வெஸ்ட்டுகளை எடுத்துப் பார்த்தது. மொத்தத்தில் பெண்கள் அனுப்பியவைதான் சற்று அதிகமாக ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் ஒரு திட்டத்துக்குப் புதிதாக வருகிறவர் பெண் என்று பெயரிலோ படத்திலோ தெரிந்துவிட்டால், ஏற்பது குறைந்தது. கோடைப் பார்க்கிறவர் பெயரையும் பார்க்கிறார்.

அடுத்து, ‘யார் வேண்டுமானாலும் சேரலாம்’ என்ற உங்கள் முகப்பு வரி. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்படியா அழைக்கிறோம்? வீடு தேடிப் போய், பெயர் எழுதிய பத்திரிகையைக் கையில் கொடுத்து, ‘அவசியம் வரணும்’ என்கிறோம். 2006இல், லினக்ஸுக்கான திரைமுகப்பை உருவாக்கும் க்னோம் திட்டம், மாணவர்களைக் கட்டற்ற மென்பொருளில் ஈடுபடுத்தும் கூகுளின் ‘சம்மர் ஆஃப் கோட்’ மூலம் மாணவர்களை அழைத்தபோது 181 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்ணிடமிருந்து இல்லை. அதே வருடம் பெண்களுக்கென்று தனியாக அழைப்பு விட்டார்கள். நூறு பேர் அளவில் விண்ணப்பித்தார்கள், ஆறு பேரை எடுத்தார்கள். அந்த நூறு பேர் முதல் அழைப்பின்போதும் இதே உலகத்தில்தான் இருந்தார்கள். அது தங்களுக்கான அழைப்பு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த முயற்சிதான் வளர்ந்து, இன்று ‘அவுட்ரீச்சி’ என்ற பெயரில் உதவித்தொகையோடு மூன்று மாதப் பயிற்சி தருகிறது. தொழில்நுட்பத் துறையில் ஓரங்கட்டப்படும் எல்லோருக்கும் இப்போது அதில் இடம் உண்டு.

நீங்களும் தேடிப் போங்கள். விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு வருடக்கணக்காகக் கிராமத்து மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறது. அவர்களிடம் பேசுங்கள். தமிழுக்கான மென்பொருள் என்கிறீர்கள், அதன் டாகுமென்டேஷன் எந்த மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்தில் மட்டும் என்றால், ‘படித்துவிட்டு வா’ என்றது இன்னும் பெரிய அநியாயம். சந்திப்பு ராத்திரி பத்து மணிக்கா? விடுதியில் இருக்கும் பெண்ணும் கைக்குழந்தைக்காரியும் எப்படி வருவார்கள்? ஐந்து பேர் ஒரே கல்லூரி என்றால் அந்தக் கல்லூரிப் பேச்சும் சீனியர், ஜூனியர் பழக்கமும் குழுவுக்குள் வந்திருக்கும். வெளியிலிருந்து வருகிறவருக்கு அது அடுத்தவர் வீட்டு விசேஷம். இன்னொன்று, புதிதாக வருகிறவரிடம் ‘எந்த ஊர், அப்பா என்ன பண்றார்’ என்று தொடங்காதீர்கள். நம் ஊரில் அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

நடத்தை விதிகளையும் எழுதி வையுங்கள். பல திட்டங்கள் பயன்படுத்தும் ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற மாதிரி விதித்தொகுப்பைத் தமிழாக்கினாலே போதும். யாரிடம் புகார் சொல்லலாம் என்று இரண்டு பெயர் அதில் இருக்கட்டும். ஒருவராவது மூத்தவரின் நண்பராக இல்லாதவராக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பு, இன்றைக்கே அந்த மாணவிக்கு எழுதுங்கள். விளக்கமோ சமாதானமோ வேண்டாம். நடந்தது தவறு என்று சொல்லுங்கள். அவருடைய திருத்தத்தில் எது சரி, எது பாக்கி என்று வரிவரியாக எழுதுங்கள். மீதியைச் சேர்ந்து முடிக்கலாமா, அவர் பெயரிலேயே சேர்த்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பதில் வராமல் போகலாம், அது அவர் உரிமை. ஒரு முறைக்கு மேல் எழுதித் தொந்தரவு செய்யாதீர்கள்.